கிராக் போட்டது யாரோ, நோட்டீஸ் யாருக்கு?

புதுக் கம்ப்யூட்டருக்கு விலை கேட்டு வருகிறவர்கள் எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்பார்கள்: “சாஃப்ட்வேர் எல்லாம் போட்டுக் குடுத்துடுவீங்கல்ல?” விண்டோஸ், ஆபீஸ், ஃபோட்டோஷாப், கோரல்டிரா, கணக்கு எழுத டேலி. ஃபிளக்ஸ் கடையாக இருந்தால் கூடவே ஒரு ஃபோல்டர் நிறையத் தமிழ் ஃபாண்ட். ஹார்ட்வேரில் ஐநூறு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள்கூட, இதற்கெல்லாம் தனியாகக் காசு உண்டு என்று நினைப்பதில்லை. காசு கட்டாமல் சாஃப்ட்வேரின் பூட்டை உடைத்துப் போடுவதற்குத்தான் ‘கிராக்’ என்று பெயர். முடியாது என்றால், “பக்கத்துக் கடையில போட்டுத் தர்றாங்களே” என்று கிளம்பிவிடுவார்கள். சேலம் ஐந்து ரோடு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிற எனக்கு இது தினப்படி பேச்சு.

நோட்டீஸ், கேஸ் எல்லாம் சென்னை, பெங்களூரில் இருக்கிற பெரிய கம்பெனிகளுக்குத்தான் வரும், நம்ம ஊர்ப் பட்டறைக்கு யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்பது பலருடைய நம்பிக்கை. யாரும் வர வேண்டியதே இல்லை. சாஃப்ட்வேரே இன்டர்நெட் வழியாகத் தன் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. அதை நான் கிட்டத்தில் பார்த்தது இரும்பாலை ரோட்டில் இருக்கும் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில்.

ஜவ்வரிசி ஆலைகளுக்கும் தறிக்கூடங்களுக்கும் ஷெட் போட்டுக் கொடுக்கும் பட்டறை அது. அண்ணன், தம்பி, அண்ணனின் மனைவி என மூன்று பேர் பார்ட்னர்கள். அண்ணி பெயரளவில் பார்ட்னர். பட்டறைப் பக்கம் ஆயுத பூஜைக்கு வருவதோடு சரி. மாடியில் டிசைன் ரூம். நான் பிரிண்டர், நெட்வொர்க், கேமரா மட்டும் பார்த்துவந்தேன். வரைபடம் போடும் சாஃப்ட்வேரை அங்கே வேலை பார்த்த டிசைனரே எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டிருந்தார். அந்தத் துறையில் எல்லோரும் பயன்படுத்தும் பெயர் பெற்ற சாஃப்ட்வேர்தான். எது என்பது இங்கே முக்கியமில்லை.

முதலில் மெயில் வந்தது. “உங்கள் நிறுவனத்தில் உரிமம் இல்லாத பதிப்பு பயன்பாட்டில் இருப்பதாகத் தெரிகிறது, பேச விரும்புகிறோம்” என்று. ஸ்பேம் என்று தம்பி அதை அழித்துவிட்டார். அடுத்தடுத்து வந்ததையும் கண்டுகொள்ளவில்லை. பிறகு டெல்லி வக்கீல் ஒருவரிடமிருந்து ரிஜிஸ்டர்டு தபால். நிறுவனத்தின் பெயருக்கும் மூன்று பார்ட்னர்கள் பெயருக்கும் தனித்தனியாக. அண்ணி பெயர் எப்படித் தெரிந்தது என்று எல்லோருக்கும் ஆச்சரியம். அதில் மர்மம் ஒன்றுமில்லை. பதிவு செய்த பார்ட்னர்ஷிப் என்றால் பதிவேட்டைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம்.

அண்ணன் எனக்கு ஃபோன் போட்டார். “தம்பி, எல்லா சிஸ்டத்தையும் இன்னைக்கே ஃபார்மட் அடிச்சுடு.”

“அண்ணா, அதை மட்டும் பண்ணாதீங்க. நான் வர்ற வரைக்கும் எதையும் தொட வேண்டாம்” என்றேன்.

நோட்டீஸ் வந்தவர்கள் முதலில் செய்ய நினைப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவர்களிடம் இருக்க வேண்டிய விவரம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. ஃபார்மட் அடித்தால் அது அழியாது. ஆனால் விண்டோஸ் எந்தத் தேதியில் இன்ஸ்டால் ஆனது என்று அந்தக் கம்ப்யூட்டரே காட்டும். நோட்டீஸ் வந்த மறுநாள் எல்லா சிஸ்டமும் புதிதாக இன்ஸ்டால் ஆகியிருந்தால் நீதிமன்றம் அதை எப்படிப் பார்க்கும்? வழக்கில் ஆதாரமாகக் கேட்கப்படக்கூடிய மின்னணு ஆவணத்தை வேண்டுமென்றே அழிப்பது பாரதிய நியாய சம்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் தனிக் குற்றம். இருக்கிற தலைவலிக்கு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வதுதான் மிச்சம். போதாக்குறைக்கு, உங்கள் பக்கம் நிற்கக்கூடிய ஆதாரமும் அதோடு போய்விடும். எந்த மெஷினில் அது இல்லவே இல்லை, எதில் ஒரு முறை திறந்ததோடு சரி என்பதையெல்லாம் பிறகு எதை வைத்துக் காட்டுவது?

நோட்டீஸோடு ஓர் அட்டவணை இணைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரின் பெயர், விண்டோஸ் யூசர் பெயர், மேக் அட்ரஸ், இன்டர்நெட் ஐபி, சாஃப்ட்வேரின் பதிப்பு, எந்தெந்தத் தேதியில் ஓடியது என்ற விவரம். மேக் அட்ரஸ் என்பது ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தரப்படும் எண். மாடி ரூமில் ஒவ்வொரு சிஸ்டமாக உட்கார்ந்து, கமாண்ட் விண்டோவைத் திறந்து, வருகிற எண்ணை அட்டவணையோடு பென்சிலால் சரிபார்த்தேன். மூன்று அச்சு அசலாகப் பொருந்தின. நான்காவது அங்கே இருந்த எந்த மெஷினோடும் பொருந்தவில்லை. ரவுட்டரில் பழைய கருவிகளின் பட்டியலைப் பார்த்தபோது அந்த எண் கிடைத்தது. வேலையை விட்டுப் போன டிசைனர் கொண்டுவந்த சொந்த லேப்டாப். ஆபீஸ் வைஃபையில்தான் ஓடியிருக்கிறது, செய்ததும் ஆபீஸ் வேலைதான்.

தம்பிக்கு ஏக நிம்மதி. “அப்போ அது அவன் பாடு. போட்டவன்தானே பதில் சொல்லணும்?” என்றார். அப்படி இல்லை என்று புரியவைக்க ஒரு வக்கீல் தேவைப்பட்டார்.

சட்டம் சொல்வதை எனக்கு விளங்கிய வரை எழுதுகிறேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு நாவலும் கவிதையும் போலக் கம்ப்யூட்டர் புரோகிராமும் ‘இலக்கியப் படைப்பு’தான் (எங்கள் கடையில் இதைச் சொன்னபோது சிரித்து முடியவில்லை). திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துவதற்கென்றே தனியாக 63பி என்ற பிரிவு இருக்கிறது. 1994-இல் செய்த திருத்தத்தில் வந்தது. குறைந்தது 7 நாளில் இருந்து 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாயில் இருந்து 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலிலோ பயன்படுத்தாதவர்களுக்குச் சிறையே இல்லாமல், 50,000-க்கு மிகாத அபராதத்தோடு விட்டுவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வீட்டில் பிள்ளைகள் பயன்படுத்துவதற்கும் பட்டறையில் பயன்படுத்துவதற்கும் வித்தியாசம் அங்கே வருகிறது. தொழில் நடத்துகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

பொதுவான பதிப்புரிமை மீறலுக்கு 63-ஆவது பிரிவு; 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை. அது போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 64-ஆவது பிரிவின்படி சப் இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலையில் உள்ள அதிகாரி வாரண்ட் இல்லாமலே நகல்களைக் கைப்பற்றலாம். எங்கள் ஊரில் பலரும் இதை டிராஃபிக் ஃபைன் கட்டுகிற மாதிரியான விஷயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் கிரிமினல் பக்கம். சிவில் பக்கம் வேறு. 63பி பிரிவில் ‘தெரிந்தே’ என்பது நிரூபிக்கப்பட வேண்டும். நஷ்டஈடு கேட்டுப் போடும் சிவில் வழக்கில் அப்படி இல்லை. எனக்குத் தெரியாது என்பதால் மீறல் இல்லாமல் போய்விடாது. இதில் பதிப்புரிமை இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது, அப்படி நினைக்கக் காரணமும் இல்லை என்று ஒருவர் நிரூபித்தால் தொகை குறைய வழி உண்டு. ஆனால் ஊரறிந்த சாஃப்ட்வேருக்கு அதை யார் நம்புவார்கள்? வேலைக்காரர் முதலாளியின் வேலைக்காகச் செய்தது முதலாளியின் கணக்கில்தான் சேரும். அந்த லேப்டாப்பும் அப்படித்தான். டிசைனருக்கும் பொறுப்பு உண்டு, அதற்காக நிறுவனம் கழன்றுகொள்ள முடியாது.

அண்ணியின் நிலைதான் எல்லோரையும் யோசிக்க வைத்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு, கம்பெனி செய்யும் குற்றத்துக்கு யார் பொறுப்பு என்று பேசுகிறது. கம்பெனி என்றால் பார்ட்னர்ஷிப்பும் அடக்கம், டைரக்டர் என்ற இடத்தில் பார்ட்னர் என்று படிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. குற்றம் நடந்த நேரத்தில் தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தவர் நிறுவனத்தோடு சேர்ந்து மாட்டுவார். தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க வேண்டிய கவனமெல்லாம் எடுத்துக்கொண்டேன் என்றோ அவர்தான் நிரூபிக்க வேண்டும். பட்டறையை நடத்தாத, டிசைன் ரூமில் என்ன ஓடுகிறது என்றே தெரியாத அண்ணிக்குக் கிரிமினல் பக்கம் சொல்ல நல்ல பதில் இருந்தது.

அவர் பெருமூச்சு விடுவதற்குள் வக்கீல் அடுத்ததைச் சொன்னார். 1932-ஆம் ஆண்டின் பார்ட்னர்ஷிப் சட்டம், 25-ஆவது பிரிவு. பார்ட்னராக இருக்கும் காலத்தில் நிறுவனம் செய்த எதற்கும் ஒவ்வொரு பார்ட்னரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. அதாவது நஷ்டஈடு என்று தீர்ப்பானால் மொத்தத் தொகையையும் அண்ணி ஒருவரிடமே கேட்கலாம். அவர் பெயரில் இருக்கும் வீடுகூட அதற்குள் வரும். “அப்ப நான் உடனே விலகிக்கிறேன்” என்றார். விலகினாலும், விலகும் முன் நடந்ததற்கான பொறுப்பு கூடவே வரும் என்றார் வக்கீல். வரியைப் பிரிப்பதற்காக வீட்டுப் பெண்களைப் பார்ட்னராகப் போடும் பழக்கம் சேலத்தில் எவ்வளவு சாதாரணம் என்று எனக்குத் தெரியும். கையெழுத்து வாங்கும்போது இதை யாரும் அவர்களிடம் சொல்வதாகத் தெரியவில்லை.

தனி உரிமையாளர் கடை என்றால் கேள்வியே இல்லை, கடையும் ஆளும் ஒன்றுதான். பிரைவேட் லிமிடெட்டில் நஷ்டஈடு பொதுவாகக் கம்பெனியின் சொத்தோடு நிற்கும். 69-ஆவது பிரிவு டைரக்டரை விடாது.

அப்புறம் பில் வேட்டை. உண்மையில் எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். நோட்டீஸ் ஒரு சாஃப்ட்வேரைப் பற்றியது என்றாலும், பதில் போடும் முன் மொத்த ஆபீஸும் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம் என்றார் வக்கீல். பார்த்தால், காசு கொடுத்து வாங்கியவற்றுக்கும் அத்தாட்சி இல்லை. கடைக்காரர் கொடுத்த பில்லில் ‘அசெம்பிள்டு சிஸ்டம் - 1’ என்று ஒற்றை வரி. அதில் விண்டோஸ் சேர்ந்ததா இல்லையா? அண்ணன் காசு கொடுத்ததாகச் சத்தியம் செய்கிறார். சத்தியத்தை ஆதாரமாக இணைக்க முடியாது.

ஆபீஸ் சாஃப்ட்வேரை ஆக்டிவேட் செய்யும் கீ (எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு) ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வாங்கியது. ‘லைஃப்டைம்’ என்று போட்டு விற்கிறார்களே, அதுதான். அது ஆக்டிவேட் ஆகிவிடும், அதனாலேயே ஒரிஜினல் என்று நம்பிவிடுகிறோம். எந்த நிறுவனத்துக்கோ மொத்தமாகக் கொடுத்த கீயை யாரோ துண்டு போட்டு விற்பது இதில் சகஜம். கீ வேலை செய்வதும் நமக்கு உரிமம் இருப்பதும் ஒன்றல்ல.

இரண்டு சிஸ்டத்தில் விண்டோஸ் ஆக்டிவேஷன் ஆறு மாதத்துக்குள் முடிவதாகத் தேதி காட்டியது. சர்வீஸ் பார்க்கிறவர்களுக்கு அதைப் பார்த்த உடனே புரியும். கேஎம்எஸ் என்ற முறை பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வரை வைத்து மொத்தமாக ஆக்டிவேட் செய்வதற்காக வந்தது; ஒவ்வொரு முறையும் 180 நாளுக்குத்தான் செல்லும், விண்டோஸுக்குக் குறைந்தது 25 கம்ப்யூட்டராவது நெட்வொர்க்கில் இருந்தால்தான் அந்த சர்வர் வேலையே செய்யும். கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிஸ்டங்கள் இருக்கும் பட்டறையில் அது ஓடுகிறது என்றால் காசு கட்டாமலே ஆக்டிவேட் ஆனதாகக் காட்டும் ஆக்டிவேட்டரை யாரோ போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அதைப் போடுவதற்காக ஆன்டிவைரஸை அணைத்துவைத்திருப்பார்கள், அதை மறுபடி ஆன் செய்ய மறந்தும் போயிருப்பார்கள். இங்கேயும் அதே கதைதான்.

படிப்பு முடித்து வரும் பாலிடெக்னிக் பிள்ளைகள் மாணவர் பதிப்பைக் கொண்டுவருவதும் உண்டு. அது திருட்டு இல்லை, ஆனால் படிப்பதற்கு மட்டும். டேலியின் எஜுகேஷனல் மோடும் அப்படித்தான். மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட விடும். அதை வைத்து ஒரு மாத வியாபாரத்தையும் 1-ஆம் தேதியிலும் 2-ஆம் தேதியிலும் ஏற்றி வைத்திருந்த கடையை நான் பார்த்திருக்கிறேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும்போது ஆடிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நோட்டீஸுக்கு வருவோம். வக்கீல் முதலில் செய்தது, அனுப்பியவர் உண்மையான ஆள்தானா என்று பார்த்தது. இந்தப் பெயரில் ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். சாஃப்ட்வேர் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள தொடர்பு வழியே கேட்டு, அந்த வக்கீலுக்குத் தந்த அதிகாரக் கடிதத்தின் நகலையும் வாங்கினார். ‘இந்த டூலை ஓட்டி ரிப்போர்ட் அனுப்புங்கள்’ என்று மெயிலில் கேட்டிருந்ததை, நாங்கள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு பார்க்கலாம் என்று நிறுத்திவைத்தார்.

ஆள் அனுப்பிச் சோதனை போடுவோம் என்று ஃபோனில் மிரட்டினால் பயப்படத் தேவையில்லை. சாஃப்ட்வேர் கம்பெனியின் ஊழியருக்கு உங்கள் ஆபீஸுக்குள் கட்டாயமாக நுழைய அதிகாரம் இல்லை. அதே சமயம், நீதிமன்றம் நினைத்தால் உங்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்காமலே அட்வகேட் கமிஷனரை நியமித்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்து வரச் சொல்லலாம்; டெல்லி உயர் நீதிமன்றத்தில் சாஃப்ட்வேர் வழக்குகளில் இப்படி நடந்திருக்கிறது. அவரைக் கோர்ட் உத்தரவோடு வாசலில் பார்த்தால் கதவைத் திறந்துவிட்டு வக்கீலுக்கு ஃபோன் போடுவதுதான் முறை. எதுவுமே இல்லாத ஆபீஸுக்கு வீண் மிரட்டல் வந்தால், பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவில் நீங்களே வழக்குப் போடவும் இடமிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்தத் தைரியத்தோடு இருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

பதில் சுருக்கமாகப் போனது. விஷயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், பேசித் தீர்க்கத் தயார், எதையும் அழிக்கவில்லை. அவ்வளவுதான். தம்பி எழுதிவைத்திருந்த நாலு பக்க மன்னிப்புக் கடிதத்தை வக்கீல் மடித்து ஓரமாக வைத்தார். பின்னால் வழக்கு என்று வந்தால் அதைத்தான் முதல் ஆவணமாகக் காட்டுவார்கள் என்றார்.

பேச்சு இழுத்தது. அவர்கள் முதலில் கேட்டது நான்கு மெஷினுக்கும் மிக விலை உயர்ந்த தொகுப்பு. எங்கள் பக்கம் இருந்த கணக்கு அப்போது கைகொடுத்தது. ஒரு மெஷினில் அந்தச் சாஃப்ட்வேர் மிகச் சில நாள்தான் திறக்கப்பட்டிருக்கிறது என்று அவர்கள் அட்டவணையே சொன்னது. பட்டறைக்குத் தேவை வெறும் இரு பரிமாண வரைபடம் என்பதையும் காட்ட முடிந்தது. கடைசியில் குறைந்த எண்ணிக்கையில், சாதாரணப் பதிப்பாக, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் போட்ட பில்லோடு வாங்குவது என்று முடிந்தது. முன்பு நடந்த பயன்பாட்டுக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, மூன்று பார்ட்னர்கள் மீதும் இல்லை என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் பணம் போனது. இந்த வரிசையை மாற்றக் கூடாது. லைசென்ஸ் வாங்கினால் இனிமேல் பயன்படுத்தலாம் என்றுதான் அர்த்தம், பழையது தானாகத் தீர்ந்துவிடாது.

செலவு வலித்தது, ஆனால் ஆடிட்டர் சொன்னது கொஞ்சம் ஆறுதல். சாஃப்ட்வேருக்குக் கட்டும் 18 சதவீத ஜிஎஸ்டியை இன்புட்டாக (நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து) எடுத்துக்கொள்ளலாம், சொத்தாகக் கணக்கில் வைத்தால் கம்ப்யூட்டருக்குரிய 40 சதவீதத் தேய்மானமும் உண்டு. கிராக் சாஃப்ட்வேருக்கு இது எதுவும் கிடையாது என்று அவர் சிரிக்காமல் சொன்னார்.

மீதி மெஷின்களுக்கு, அதே வகைக் கோப்பைத் திறந்து சேமிக்கக்கூடிய விலை குறைந்த வேறு சாஃப்ட்வேர் போட்டோம். டிசைனர்கள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு பழகிவிட்டது. கொட்டேஷன் அடிக்கிற சிஸ்டத்துக்கு லிப்ரேஆபீஸ் தாராளமாகப் போதும். ஃபிளக்ஸ் கடைக்காரர்கள் கேட்டால் இங்க்ஸ்கேப், ஜிம்ப் என்று சொல்வேன், ஆனால் முழுசாக மாற முடியும் என்று பொய் சொல்ல மாட்டேன். பிரிண்டர் மெஷின்காரர் கேட்கும் கோப்பு வகையும் நிறக் கணக்கும் பல இடத்தில் முட்டும். அவர்கள் ஒரு சிஸ்டத்துக்காவது லைசென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும். தமிழ் ஃபாண்டில் மட்டும் சாக்குச் சொல்ல வழியில்லை. ஃபாண்டும் சாஃப்ட்வேர்தான், அதற்கும் லைசென்ஸ் உண்டு; கேடமரன், முக்த மலர், ஹிந்த் மதுரை என்று வியாபாரத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய நல்ல யூனிகோட் எழுத்துருக்கள் வந்து வருடங்கள் ஆகிவிட்டன.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்று. வாடிக்கையாளர் கேட்டார், போட்டேன் என்பது பதிலாகாது. 63-ஆவது பிரிவு மீறலுக்குத் துணை போகிறவரையும் சேர்த்தே சொல்கிறது. 2012-இல் வந்த 65ஏ பிரிவு, மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. கிராக் போடுவது அதற்குள் வரும். என் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) படிவத்தில், வேலை எடுக்கும் நாளில் ஒவ்வொரு சிஸ்டத்திலும் என்ன இருந்தது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடும் பக்கம் ஒன்று இருக்கிறது. புது பில்லில் விண்டோஸையும் ஆபீஸையும் தனித்தனி வரியாகப் போட்டு, கீயின் கடைசி 5 எழுத்தையும் எழுதிவிடுகிறேன். பிறகு கமாண்ட் கொடுத்துப் பார்த்தால் திரையில் தெரிவதும் அந்தக் கடைசி 5 எழுத்துதான், பிற்பாடு எந்த பில் எந்த மெஷினுக்கு என்று சரிபார்க்க அதுவே போதும். இதையெல்லாம் பார்த்துப் பக்கத்துக் கடைக்குப் போனவர்களும் உண்டு. போகட்டும்.

இரும்பாலை ரோட்டுப் பட்டறையில் சொந்த லேப்டாப்பை இப்போது ஆபீஸ் வைஃபையில் சேர்க்க முடியாது, கெஸ்ட் இணைப்பு தனி. லைசென்ஸ் ஃபைலை அண்ணி வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டார். எந்தச் சாஃப்ட்வேர் வாங்கினாலும் அவர் கையெழுத்து வேண்டும். “இப்படிச் செஞ்சா இனிமே நீங்களும் நிர்வாகப் பொறுப்புல இருக்கிறவர்னு ஆயிடும்மா” என்று வக்கீல் எச்சரித்தார். “வீட்டை எழுதிக் குடுக்கிற பொறுப்பு மட்டும் எனக்கு இருக்கலாம், என்ன வாங்குறாங்கன்னு பார்க்கிற பொறுப்பு இருக்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டு ஃபைலைத் திருப்பித் தரவே இல்லை. போன மாதம் டிசைனர் ஒருவர் முப்பரிமாணப் படம் போடும் சாஃப்ட்வேரை டிரையலில் இறக்கிப் பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறார். பார்க்கலாம், ஆனால் அதில் ஒரு வாடிக்கையாளர் வேலைகூடச் செய்யக் கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டு, டிரையல் முடிவதற்குள் கொட்டேஷன் வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.